நிலவின் பெயர் கொண்ட மூலகமும் பெர்சீலியஸ் எனும் அறிஞரும்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும். நல்ல பெறுபேறு வந்த வீட்டிலிருந்து உம்மா அயலுக்கு இனிப்புக் கொடுத்தனுப்புவார். வராத வீட்டின் கதவு பாதி சாத்தியிருக்கும். இரண்டு நாள் கழித்து, இனி இவள் படித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொன்னவர் அதை மறந்துவிடுவார். அந்தப் பிள்ளை மறப்பதில்லை.

ஏறக்குறைய 230 ஆண்டுகளுக்கு முன்னர் சுவீடன் நாட்டில் ஒரு மாணவனுக்கும் இப்படியொரு தாள் கிடைத்தது. திறமை இருக்கிறது, ஆனால் நடத்தை நன்றாயில்லை, இவன்மீது வைக்கும் நம்பிக்கை ஐயத்துக்குரியது என்ற கருத்துப்பட அவனுடைய பாடசாலை சான்றிதழ் எழுதிக்கொடுத்தது. அந்த மாணவனின் பெயர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். இன்று உயர்தர இரசாயனவியல் படிக்கும் நாம் ஒட்சிசனுக்கு ஓர் எழுத்தையும் இரும்புக்கு இரண்டு எழுத்துகளையும் குறியீடாக எழுதுகிறோம் அல்லவா? அந்த முறையை உலகுக்குத் தந்தவர் அவரே. ஊக்கி, சமபகுதியம், பல்பகுதியம், புரதம் ஆகிய கருத்துகளுக்கு இன்று வழங்கும் ஐரோப்பியப் பெயர்களும் அவரிடமிருந்து வந்தவை. செலீனியம் என்னும் மூலகத்தைக் கண்டறிந்து நிலவின் பெயரை அதற்குச் சூட்டியவரும் அவர்தான். இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கையையும், அவர் கண்ட செலீனியம் பின்னாளில் சேதன இரசாயனத்துக்குக் கொடுத்த கொடையையும் பற்றியது.

தாய் தந்தையை இழந்த பிள்ளை

பெர்சீலியஸ் 1779ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆம் திகதி, சுவீடனின் ஓஸ்டர்யோட்லாந்து பகுதியிலுள்ள வாவர்சுண்டா என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை ஓர் ஆசிரியர். பிள்ளைக்கு நான்கு வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்தார். சில ஆண்டுகளில் தாயும் மறைந்தார். அப்போது பெர்சீலியசுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. மாற்றுத் தந்தை நல்லவர். தமது பிள்ளைகளோடு இவரையும் சேர்த்துப் படிக்கவைத்தார். பின்னர் தாய்மாமன் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. அந்த வீட்டில் நிம்மதி இருக்கவில்லை. பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, ஒரு பண்ணை வீட்டில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார்.

அந்தப் பண்ணை வாழ்க்கையில்தான் அவருக்குச் செடிகொடிகளிலும் பூச்சிகளிலும் ஆசை பிறந்தது. வகுப்பைத் தவறவிட்டுக் காட்டில் பறவைகளையும் பூச்சிகளையும் தேடித் திரிந்தார். பாடசாலைச் சான்றிதழில் நடத்தை பற்றி எழுதப்பட்டதற்குக் காரணம் இதுவே. வகுப்பறைக்கு வராதவன் என்று பாடசாலை கண்டது. வகுப்பறைக்கு வெளியே அவன் என்ன படித்துக்கொண்டிருந்தான் என்பதைச் சான்றிதழில் எழுத இடமில்லை.

1796இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பணம் போதாததால் இடையில் நிறுத்தவும் பின்னர் தொடரவும் வேண்டியிருந்தது. இரசாயனவியலில் அவருக்கிருந்த ஆர்வம் வகுப்பு நேரத்துக்குள் அடங்கவில்லை. தங்கியிருந்த அறையிலேயே சிறு சோதனைகளைச் செய்து பார்த்தார். 1800இல் இத்தாலிய அறிஞர் வோல்டா உலகின் முதல் மின்கல அடுக்கை அறிவித்தார். அதைக் கேள்விப்பட்ட பெர்சீலியஸ் தாமே ஓர் அடுக்கைச் செய்து, மின்சாரம் நோயாளிகளுக்குப் பயன்படுமா என்று ஆராய்ந்தார். 1802இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றது அந்த ஆய்வுக்காகத்தான். நோயாளிகளுக்கு அதனால் பெரிய பலன் கிடைக்கவில்லை. ஆனால் மின்சாரம் சேர்வைகளை இரண்டாகப் பிரிக்கிறது என்ற எண்ணம் அவருடைய மனத்தில் ஆழப் பதிந்தது. அவருடைய பெரும் வெற்றிக்கும், முதுமையில் வந்த தோல்விக்கும் அந்த எண்ணமே வேராயிற்று.

பட்டம் பெற்று ஸ்டொக்ஹோமுக்கு வந்தவருக்குச் சுரங்க உரிமையாளரான ஹிசிங்கர் என்பவரின் நட்புக் கிடைத்தது. இருவரும் ஒரு கனமான கல்லை ஆராய்ந்து 1803இல் சீரியம் என்ற மூலகத்தின் ஒட்சைட்டைக் கண்டனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் கிளாப்ரோத் என்ற முதுபெரும் இரசாயனவியலாளரும் தனியாக அதைக் கண்டிருந்தார். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் கிளாப்ரோத்துக்குச் சமமாக நின்றது அன்றைய அறிஞர்களை வியக்கவைத்தது. 1807இல் பெர்சீலியஸ் ஸ்டொக்ஹோமில் பேராசிரியரானார். அவர் கற்பித்த மருத்துவக் கல்விக்கூடமே 1810க்குப் பின் கரோலின்ஸ்கா நிறுவனமாக வளர்ந்தது.

சமையலறைக்கு அருகில் ஓர் ஆய்வுகூடம்

பெரிய அறிஞர் என்றதும் பெரிய கட்டடமும் விலையுயர்ந்த கருவிகளும் நம் கண்முன் வருகின்றன. பெர்சீலியசின் ஆய்வுகூடம் அப்படி இருக்கவில்லை. அவருடைய வீட்டிலேயே இரண்டு சாதாரண அறைகள்தான் இருந்தன. ஓர் அறையில் இரண்டு நீண்ட பலகை மேசைகள், சுவரோரம் இரசாயனப் பொருள்கள் வைத்த அலுமாரிகள், நடுவில் பாதரசத் தொட்டி, கண்ணாடி ஊதும் மேசை. மற்றைய அறையில் தராசுகள். பக்கத்திலிருந்த சமையலறையில் ஒரு புறம் சோறு கறி போல அன்றாட உணவு வெந்துகொண்டிருக்கும். இன்னொரு புறம் சிறு உலையும் மணல் நிரப்பிய சூடேற்றும் தட்டும் எந்நேரமும் சூடாக இருக்கும்.

அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொண்டவர் அன்னா சுண்ட்ஸ்ட்ரோம் என்ற பெண். 1785இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வேலை தேடி நகருக்கு வந்து, 1808 முதல் பெர்சீலியசின் வீட்டைப் பராமரித்தார். உணவு சமைத்தார், வீட்டைக் கூட்டினார், குடுவைகளைக் கழுவினார். குடுவை கழுவுவது சிறிய வேலை என்று நாம் நினைக்கலாம். ஒரு மில்லிகிராம் தவறினாலும் பிழைத்துப்போகும் ஆய்வில் குடுவையின் சுத்தமே முதற் படி. நாளடைவில் அன்னா கருவிகளைக் கையாளவும், இரசாயனப் பொருள்களை இனங்காணவும், ஆய்வுகூட ஒழுங்கைக் காக்கவும் கற்றுக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்கள்கூட அவருடைய கண்டிப்புக்கு அஞ்சினர். கண்டிப்பான அன்னா என்றே அவர்கள் அவரை அழைத்தனர்.

அவரைப் பற்றிய ஒரு சிறு நிகழ்ச்சி இரசாயனவியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஒருநாள் அன்னா ஒரு பாத்திரத்தைக் கழுவும்போது, அது ஒட்சியேற்றிய மியூரியாற்றிக் அமிலம் போல மணக்கிறது என்றார். குளோரீன் வாயுவுக்கு அன்று வழங்கிய பழைய பெயர் அது. குளோரீன் ஒரு மூலகம் என்பதைப் பெர்சீலியஸ் பல ஆண்டுகளாக ஏற்க மறுத்துவந்தார். ஆனால் அன்று அவர் அன்னாவிடம், இனி அப்படிச் சொல்லவேண்டாம், குளோரீன் என்று சொல்வதே நல்லது என்றார். தாம் கொண்டிருந்த கருத்து பிழை என்று அவர் ஒப்புக்கொண்டதை முதலில் கேட்டவர்களுள் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்னா. அருகிலிருந்த மாணவர் வூலர் இதைக் கவனித்துப் பின்னர் எழுதிவைத்தார்.

அன்னா 1836 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். சுவீடனின் முதற் பெண் இரசாயனவியலாளர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகின்றனர். அவர் 1871 வரை வாழ்ந்தார். ஆயினும் அந்த வீட்டிலிருந்து வெளிவந்த எந்த ஆய்வுக் கட்டுரையிலும் ஆசிரியர் பெயராக அவருடைய பெயர் இல்லை. அவருக்குப் பாடசாலைச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கவும் யாரும் இருக்கவில்லை.

இந்த எளிய ஆய்வுகூடத்தில் பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2000 சேர்வைகளைப் பெர்சீலியஸ் பகுத்தாராய்ந்தார். ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் மற்றொன்றைவிட எவ்வளவு பாரமானது என்று கணக்கிட்டு, 1818இல் விரிவான அணுநிறை அட்டவணையை வெளியிட்டார். அவர் கணித்த பல எண்கள் இன்றைய பெறுமானங்களுக்கு மிக நெருங்கியவை. மூலகங்களின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் குறியீடாக்கும் முறையை 1813, 1814ஆம் ஆண்டளவில் முன்வைத்ததும் இக்காலத்திலேயே.

முருங்கை வேர் போன்ற ஒரு மணம்

இனி செலீனியத்தின் கதைக்கு வருவோம். சுவீடனில் கிரிப்ஸ்ஹோம் என்ற இடத்தில் சல்பூரிக்கமிலம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. பெர்சீலியசும் அவருடைய மூத்த நண்பரான கான் என்பவரும் அதில் பங்குதாரர்கள். ஃபாலுன் என்ற சுரங்கத்திலிருந்து வந்த கனிமத்தில் எடுத்த கந்தகத்தை எரித்து, ஈயத்தகடு பதித்த அறைகளில் அமிலம் செய்தனர். ஃபாலுன் கந்தகத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் அறையின் அடியில் செந்நிறமான ஒரு மண்டி படிந்தது. முன்பு தொழிற்சாலையை நடத்தியவர் அதில் ஆசனிக் என்ற நஞ்சு இருக்குமோ என்று பயந்து அந்தக் கந்தகத்தையே கைவிட்டிருந்தார்.

1817இல் பெர்சீலியசும் கானும் அந்த மண்டியை எடுத்துச் சூடாக்கினர். குதிரைமுள்ளங்கி என்று ஐரோப்பாவில் வழங்கும் காரமான கிழங்கின் மணம் எழுந்தது. நமக்கு அந்தக் கிழங்கு பழக்கமில்லை. முருங்கை வேரைக் கீறி முகர்ந்து பாருங்கள், ஏறக்குறைய அதே மணம்தான். முருங்கை மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்களுள் ஒன்று அந்தக் கிழங்கின் பெயரைக் கொண்டே அமைந்தது.

அந்த மணம் தெலூரியம் என்ற அரிய மூலகத்தின் அடையாளம் என்று கிளாப்ரோத் முன்பே எழுதியிருந்தார். ஆகவே இருவரும் ஐயமின்றித் தெலூரியம் என்று முடிவுசெய்தனர். இலண்டனில் இருந்த மருத்துவ நண்பர் மார்செட்டுக்கும் பெர்சீலியஸ் கடிதம்மூலம் அந்தச் செய்தியை அறிவித்துவிட்டார். விடை எழுதியாயிற்று, தாள் கொடுத்தாயிற்று என்று நாம் சொல்வோமே, அந்த நிலைதான்.

ஆனால் அவருடைய மனம் அமைதியடையவில்லை. மண்டியிலிருந்து தெலூரியத்தைத் தனியே பிரித்தெடுக்க முயன்றார். கிடைக்கவில்லை. ஃபாலுன் சுரங்கத்தின் வேறு கனிமங்களிலும் தெலூரியத்தைத் தேடினார். அங்கும் இல்லை. ஸ்டொக்ஹோமுக்குத் திரும்பி அந்தக் குளிர்காலத்தில் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து மீண்டும் செய்தார். பல நூறு கிலோகிராம் கந்தகத்தை எரித்தால் சில கிராம் மண்டி மட்டுமே கிடைக்கும். அவ்வளவு சிறிய அளவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனையாகச் செய்தார். முடிவு தெளிவாயிற்று. அது தெலூரியம் அன்று. கந்தகத்துக்கும் தெலூரியத்துக்கும் இடைப்பட்ட இயல்புகளைக் கொண்ட புதிய மூலகம். இன்னொன்றும் தெரியவந்தது. தூய தெலூரியத்துக்கு அந்த மணமே கிடையாது. கிளாப்ரோத் முகர்ந்த மாதிரியில் இந்தப் புதிய மூலகம் கொஞ்சம் மறைந்திருந்திருக்கிறது. நூலில் இருந்த விடையே பிழையாக இருந்தது.

1818 பெப்ரவரியில் பெர்சீலியஸ் மீண்டும் மார்செட்டுக்கு எழுதி, முன்பு தாம் அறிவித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு புதிய மூலகத்தை அறிவித்தார். தெலூரியத்தின் பெயர் பூமியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு இவ்வளவு நெருங்கிய உறவுடையது என்பதால், நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து செலீனியம் என்று பெயர் வைத்தார். பூமிக்கு அருகில் நிலவு இருப்பதுபோல ஆவர்த்தன அட்டவணையில் இரண்டும் ஒரே நிரலில் அடுத்தடுத்து நிற்கின்றன. கந்தகத்தின் அணுவெண் 16, செலீனியத்தினது 34, தெலூரியத்தினது 52.

இந்த ஆய்வு அவருடைய உடலையும் வருத்தியது. செலீனியமும் ஐதரசனும் சேர்ந்த வாயுவை ஆராயும்போது, பயறளவுக் குமிழொன்று அவருடைய மூக்கினுள் போயிற்று. பல மணிநேரம் அவருக்கு மணமே தெரியவில்லை. கடுமையான அமோனியாவை மூக்கருகே பிடித்தும் உணரவில்லை. தடிமனும் இருமலும் பல நாள்கள் நீடித்தன. செலீனியம் கவனமாகக் கையாளவேண்டிய பொருள் என்பதை உலகுக்கு முதலில் சொன்னது அவருடைய மூக்குத்தான்.

மாணவர்கள் கண்ட உயரம்

1818 முதல் வாழ்நாள் முழுவதும் பெர்சீலியஸ் சுவீடன் அரச அறிவியற் கழகத்தின் செயலாளராக இருந்தார். 1824இல் சிலிக்கனையும் 1829இல் தோரியத்தையும் கண்டறிந்தார். அவரிடம் பயின்றவர்களும் அவருக்குப் பெருமை சேர்த்தனர். இலிதியத்தை அர்வெட்சனும், வனேடியத்தைச் செவ்ஸ்ட்ரோமும், இலந்தனத்தை மொசாண்டரும் கண்டறிந்தனர்.

ஜேர்மனியிலிருந்து வந்து 1823, 1824ஆம் ஆண்டுகளில் அவரிடம் பயின்ற வூலர் வேறொரு வழியில் ஆசிரியரை மிஞ்சினார். உயிரினங்களின் உடலில் உருவாகும் பொருள்களை ஆய்வுகூடத்தில் செய்யமுடியாது, அதற்கு உயிர்ச்சக்தி ஒன்று வேண்டும் என்று அக்காலத்தவர் நம்பினர். பெர்சீலியசும் ஏறத்தாழ அவ்வாறே கருதினார். 1828இல் வூலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவைச் சிறுநீரகத்தின் உதவியின்றித் தாம் செய்துவிட்டதாக ஆசிரியருக்கு எழுதினார். ஆசிரியர் கோபப்படவில்லை. மகிழ்ச்சியோடும் வேடிக்கையோடும் பதில் எழுதினார். உயிர்ச்சக்திக் கொள்கை ஒரே நாளில் மறையவில்லை. ஆனால் சேதனச் சேர்வைகளை மனிதர் தொகுக்கலாம் என்ற பாதையில் அது ஒரு பெரிய எட்டு.

1835இல், தமது 56ஆம் வயதில் பெர்சீலியஸ் எலிசபெத் பொப்பியஸ் என்ற 24 வயதுப் பெண்ணை மணந்தார். மணநாளில் சுவீடன் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். நம்பிக்கை வைக்க முடியாது என்று பாடசாலை எழுதிய பிள்ளை ஐரோப்பாவின் இரசாயனவியலுக்கே நீதிபதி போல் ஆகிவிட்டார். ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட அறிக்கையில் ஓர் இளைஞரின் ஆய்வு பாராட்டப்பட்டால் அவருக்கு எதிர்காலம் உண்டு. கண்டிக்கப்பட்டால் பெரும் இடர்தான்.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் சோகமான பகுதி தொடங்குகிறது. ஒவ்வொரு சேர்வையும் நேர் மின்னேற்றமுள்ள ஒரு பகுதியும் மறை மின்னேற்றமுள்ள ஒரு பகுதியும் சேர்ந்தது என்பது இளமையிலிருந்து அவர் கொண்ட கொள்கை. உப்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஆனால் பிரான்சில் டூமா என்பவர் அசற்றிக் அமிலத்தில் ஐதரசன் இருந்த இடத்தில் குளோரீனை வைத்துக் காட்டினார். பெர்சீலியசின் கொள்கைப்படி ஐதரசன் நேர், குளோரீன் மறை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் சேர்வையின் இயல்பே தலைகீழாக வேண்டும். அப்படி ஆகவில்லை. புதிய சேர்வையும் பழையதைப் போன்ற அமிலமாகவே இருந்தது.

1818இல் இருந்த பெர்சீலியஸ் என்றால், மீண்டும் சோதித்துத் தமது கொள்கையைத் திருத்தியிருப்பார். 1840களில் இருந்த பெர்சீலியஸ் அதைச் செய்யவில்லை. கொள்கையைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு புதிய சேர்வைக்கும் சிக்கலான சூத்திரங்களை எழுதினார். இளைஞர்களைக் கடுமையாக விமர்சித்தார். அவர்கள் ஒவ்வொருவராக அவரைவிட்டு விலகினர். 1848 ஓகஸ்ட் 7ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் அவர் காலமானார். இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக அன்று. தன் விடையை மறுபடி பார்க்கும் பழக்கம் எவ்வளவு பெரிய அறிஞருக்கும் கைநழுவலாம் என்பதை நாம் தெரிந்துகொள்வதற்காகவே.

செலீனியம் தொடர்ந்த பயணம்

பெர்சீலியஸ் உயிருடன் இருக்கும்போதே, 1836இல் லோவிக் என்ற ஜேர்மானியர் காபனோடு செலீனியம் நேரடியாகப் பிணைந்த முதற் சேர்வையைச் செய்தார். இவ்வகைச் சேர்வைகளைச் சேதனச் செலீனியச் சேர்வைகள் என்கிறோம். இவற்றுள் பல தாங்கமுடியாத நாற்றம் கொண்டவை. நம் கற்பிட்டிப் பகுதியில் விளையும் வெங்காயத்தை அரிந்தால் கண் எரிவதற்கும் மணம் எழுவதற்கும் காரணம் கந்தகம் கொண்ட சேதனச் சேர்வைகள். செலீனியம் கந்தகத்தின் நேர் உறவு. கந்தகத்தின் இடத்தில் செலீனியம் வந்தால் நாற்றம் பல மடங்காகும். ஆகவே நெடுங்காலம் அதன் பக்கம் போனவர்கள் குறைவு.

செலீனியத்தை எரிக்கும்போது வெண்ணிற ஊசிகள் போலப் படியும் ஒட்சைட்டைப் பெர்சீலியஸ் விவரித்திருந்தார். 1932இல் ரைலி என்ற பிரித்தானியரும் அவருடைய குழுவினரும் அந்த ஒட்சைட்டு சேதன மூலக்கூறின் குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும் ஒட்சியேற்றும் என்று காட்டினர். ரைலி ஒட்சியேற்றம் என்ற பெயரில் அது இன்றும் பயன்படுகிறது.

இதைவிடப் பெரிய திருப்பம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. மருந்துகளையும் தாவரப் பொருள்களையும் தொகுப்பவர்களுக்கு அடிக்கடி ஒரு தேவை ஏற்படும். மூலக்கூறில் இரண்டு காபன்களுக்கிடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை, மற்றப் பகுதிகளைக் குலைக்காமல், இரட்டைப் பிணைப்பாக மாற்றவேண்டும். கடும் வெப்பம் கொடுத்தால் நுட்பமான மூலக்கூறு சிதைந்துவிடும். இங்கேதான் பீனைல்செலனைல் குளோரைட்டு என்ற சேர்வை கைகொடுத்தது. இது செம்மஞ்சள் நிறமான திண்மம். ஒரு பென்சீன் வளையத்தில் செலீனியமும், செலீனியத்தில் குளோரீனும் இணைந்திருக்கும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. முதலில், காபனைல் கூட்டத்துக்கு அடுத்த காபனில் இருக்கும் ஓர் ஐதரசனை ஒரு மூலத்தால் அகற்றி, இந்தச் சேர்வையைச் சேர்த்தால் அந்தக் காபனில் செலீனியம் வந்து அமரும். அடுத்து ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்தால் செலீனியம் ஓர் ஒட்சிசனைப் பெறும். உடனே அது அயற்காபனிலுள்ள ஐதரசன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மூலக்கூறைவிட்டு விலகிவிடும். அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்பு உருவாகியிருக்கும். தையல் பழகும் மாணவிகளுக்குத் தெரியும், துணியைப் பிடித்துவைக்க முதலில் தற்காலிகமாகத் தைத்து, வேலை முடிந்ததும் அந்த நூலை உருவிவிடுவோம். இங்கே நூல் தானாகவே உருவிக்கொண்டு போகிறது. கந்தகத்தைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் பொதுவாக 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கவேண்டும். காபனுக்கும் செலீனியத்துக்கும் இடையிலான பிணைப்புக் கந்தகப் பிணைப்பைவிட மெலிந்தது. ஆகவே அறை வெப்பநிலையிலேயே காரியம் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் ஷார்ப்லெஸ், ரைக் ஆகியோரும் கனடாவில் கிளைவும் 1973ஆம் ஆண்டளவில் இந்த முறையை வளர்த்தெடுத்தனர். ஸ்டீரொயிட்டுகளையும் சிக்கலான தாவரச் சேர்வைகளையும் தொகுப்பதற்கு அது வழமையான கருவியாயிற்று. நாற்றமும் நச்சுத்தன்மையும் இருப்பதால், வாயுவை வெளியேற்றும் விசிறி பொருத்திய அடைப்பினுள், கையுறை அணிந்தே இவற்றைக் கையாளுகின்றனர். பெர்சீலியசின் மூக்குக் கற்ற பாடம் இன்று ஆய்வுகூட விதியாகிவிட்டது.

செலீனியம் நஞ்சு மட்டும்தானா? இல்லை. 1957இல் ஷ்வார்ஸ், ஃபோல்ட்ஸ் என்ற இருவர் உயிரினங்களுக்கு அது மிகச் சிறிய அளவில் அவசியம் என்று காட்டினர். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் அளவு பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நமது கரைக்கு வரும் மீனிலும் இறாலிலும் அது இருக்கிறது. 400 மைக்ரோகிராமுக்கு மேல் நாள்தோறும் உட்கொள்வது நல்லதல்ல. நம் உடலில் கேடு செய்யும் பேரொட்சைட்டுகளை அழிக்கும் ஒரு நொதியத்தின் மையத்தில் செலீனியம் இருப்பது 1973இல் தெரியவந்தது. அந்த நொதியத்தைப் போலச் செயற்படும் சேதனச் செலீனியச் சேர்வைகளைத் தொகுக்கும் ஆய்வு இன்று உலகெங்கும் நடக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த பேராசிரியர் கோவிந்தசாமி முகேஷ் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்தில் இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வுகளைச் செய்துவருகிறார்.

பெற்றோருக்கும் சகோதரிகளுக்கும்

பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போகும் மாலைகளில், மேகத்தின் கீறலைப் பிறை என்று யாராவது ஒருவர் காட்டிவிடுவதுண்டு. நாம் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. இன்னொருவர் பார்க்கவேண்டும், மேகம் விலகும்வரை பொறுக்கவேண்டும், மீண்டும் பார்க்கவேண்டும். நிலவின் பெயர் கொண்ட இந்த மூலகமும் அப்படித்தான் கண்டறியப்பட்டது. தெலூரியம் என்று எழுதி அனுப்பிய விடையோடு பெர்சீலியஸ் நின்றிருந்தால், செலீனியத்தை வேறொருவர் வேறொரு காலத்தில் கண்டிருப்பார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு தாள் சொல்வதையும் மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது. உப்சாலாவில் அந்த இளைஞனுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தால் நட்டம் அவனுக்கு மட்டும் ஆகியிராது. அன்னாவையும் நினைத்துப் பாருங்கள். பாடசாலைக் கல்வி வாய்க்காமலே ஒரு பெரிய ஆய்வுகூடத்தின் ஒழுங்கைக் காத்தவர். அவரும் பல்கலைக்கழகம் போயிருந்தால் எந்த மூலகத்துக்கு என்ன பெயர் வைத்திருப்பாரோ? இன்று நம் மகளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த முறை ஆவர்த்தன அட்டவணையில் 34ஆம் இடத்தைப் பார்க்கும்போது, பிழையான விடையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கிய அந்தக் குளிர்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அழித்தெழுதிய கோடுகளைக் கண்டு வெட்கப்படவேண்டாம்.